ஹட்டன் தப்பும் மிசிசிப்பி கிட்டாரும்

மாசி மாதத்து வளர்பிறை நாட்களில் இலங்கையின் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் காமன் கூத்து நடக்கும். ரதியும் மதனும் ஆட வருவதற்கு முன்னால் பொட்டலின் ஓரத்தில் ஒரு சின்னத் தீ எரியும். காய்ந்த சருகு, பழைய அட்டைப் பெட்டி, கையில் கிடைத்த காகிதம் எல்லாம் அதில் போகும். தப்பு என்னும் பறையை அடிக்கும் தப்புக்காரர்கள் அதைச் சுற்றிக் குந்தியிருப்பார்கள். தப்பின் முகத்தைத் தீக்கு நேரே பிடித்து மெல்லச் சுழற்றுவார்கள். பிறகு விரலால் ஒரு தட்டுத் தட்டிக் காதைக் கொடுப்பார்கள். தொப்பென்று விழுந்தால் மறுபடியும் தீ. கணீரென்று எழுந்தால் போதும். கூத்து நடுச்சாமத்தைத் தாண்டும்போது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே ஒருவர் நழுவிப் போய்த் தப்பைக் காயவைத்து வருவார். பனி இறங்கும் மலையில் அந்தத் தீயை அணையவிட முடியாது.

தப்பின் முகம் மாட்டுத் தோல். தோலின் உடம்பு முழுக்கக் கொலாஜன் என்னும் புரத நார்கள். கொலாஜனுக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை. காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்து நார்கள் ஊதும், தளரும். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; மேகம் தரையில் நடமாடும் ஊர் அது. அங்கே தோல் சும்மா இருந்தாலே நனைந்துவிடும். தீயில் காட்டும்போது நீர் ஆவியாகிப் போகிறது, நார்கள் சுருங்குகின்றன, மரச் சட்டத்தில் ஒட்டிய தோல் நாலாபுறமும் விறைக்கிறது. மேளத்தோலின் சுருதி அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. இழுவிசை நான்கு மடங்கானால்தான் சுருதி இரண்டு மடங்காகும். கூடவே, நீர் போனதால் தோலின் எடையும் குறைகிறது; அதுவும் சுருதியை உயர்த்துகிறது. குந்தியிருக்கும் தப்புக்காரர் இந்தச் சமன்பாட்டை எழுதிப் பார்த்தவர் அல்லர். ஆனால் எந்த நொடியில் தீயிலிருந்து எடுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் வைத்தால் தோல் கிழிந்துவிடும்.

இந்த இடத்தில் சி. வி. ராமனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. நோபல் பரிசுக்குப் பத்தாண்டு முன்பே, 1920இல், சிவகாளி குமாருடன் சேர்ந்து நம் மேளங்களைப் பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார். வட்டமான வெறும் தோலைத் தட்டினால் அடிப்படை ஒலியோடு அதன் 1.59 மடங்கு, 2.14 மடங்கு, 2.30 மடங்கு என்று ஒழுங்கற்ற துணை ஒலிகள் கிளம்பும். காது அவற்றை ஒரு சுரமாகக் கட்டிக்கொள்ளத் திணறும். மிருதங்கத்தில் பூசும் கறுப்புச் சோறு தோலின் நடுவைக் கனமாக்கி, துணை ஒலிகளை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று முழு எண்களுக்குக் கொண்டுவருகிறது. அதனால்தான் மிருதங்கம் பாட்டோடு சுருதி சேர்கிறது என்று ராமன் விளக்கினார். தப்பில் சோறு கிடையாது. அதன் ஒலி ஒரு சுரத்தில் அடங்காது. இதைக் குறை என்று நினைத்தவர்கள் பலர். நான் அப்படி நினைக்கவில்லை. ஒலி பல அலைவரிசைகளில் ஒரே கணத்தில் வெடிப்பதால்தான், இருட்டில் தப்பு எந்தத் திசையில் அடிக்கிறது என்று காது உடனே சொல்லிவிடுகிறது. மலையில் வாழும் மனிதருக்கு அது பெரிய காரியம்.

தப்புக்கு இரண்டு குச்சிகள். ஒன்று குட்டையும் தடிப்புமான அடிக்குச்சி. மற்றது நீண்டு மெலிந்து வளையும் சுண்டுக்குச்சி. தடித்த குச்சி தோலில் சற்றே அதிக நேரம் தங்குகிறது, கனத்த கீழ்ச்சுருதி பிறக்கிறது. மெல்லிய குச்சி தொட்டவுடன் துள்ளி விலகுகிறது, கூர்மையான மேல் ஒலிகள் சிதறுகின்றன. கூர்மையான ஒலியைக் காற்று சீக்கிரம் விழுங்கிவிடும். தேயிலைச் செடிகளும் மரங்களும் அதை இன்னும் சிதறடிக்கும். பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டு குச்சியும் பேசும். எதிர்மலையில், லயம் எனப்படும் தொழிலாளர் வரிசை வீட்டில் படுத்திருப்பவருக்கு அடிக்குச்சி மட்டும் கேட்கும். அந்த மிச்சத்தை வைத்தே அது சாவா, சாமியா, கல்யாணமா என்று சொல்லிவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் தனி அடி உண்டு. தூரம் எதைத் தின்றாலும் அடியின் இடைவெளியைத் தின்ன முடியாது.

தோட்டத்தில் தப்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. விடிவதற்கு முன் ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அழைப்பது. கடிகாரம் இல்லாத லயங்களுக்குப் பெரட்டுத் தப்புதான் நேரம் சொன்னது. வெறித்த வானமுள்ள இரவில் குளிர்ந்த கனமான காற்று பள்ளத்தாக்கில் போய்த் தங்கும். மேலே சற்றுச் சூடான காற்று மூடிபோல நிற்கும். குளிர்காற்றில் ஒலியின் வேகம் குறைவு, சூடான காற்றில் கூடுதல். அதனால் மேலே போகும் ஒலி அலை வளைந்து மறுபடி தரைக்கே இறங்குகிறது. பகலில் அரை மைலில் கரைந்துபோகும் அடி, விடியற்காலையில் மலை தாண்டிக் கேட்பதற்கு இதுவே காரணம். பெரட்டுத் தப்பு அடித்த நேரம் ஒலிக்கு மிக வசதியான நேரம். தூக்கத்துக்கு அது எப்படி இருந்திருக்கும் என்பதை சி. வி. வேலுப்பிள்ளை எழுதியிருக்கிறார். 1914இல் பூண்டுலோயாவின் மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நெடுங்கவிதையில் விடியலை இந்தப் பறையொலியோடுதான் திறந்தார்.

ஒரே தப்பு காலையில் தோட்டத்தை நடத்திய துரைக்காக அடித்தது, இரவில் அடித்தவர்களுக்காகவே அடித்தது. உலகத்தின் மறுபக்கத்தில் முதலாளிகளுக்கு இப்படி விட்டுவைக்கத் துணிவு வரவில்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில் 1739இல் அடிமைகள் ஸ்டோனோ ஆற்றங்கரையில் கிளர்ந்தெழுந்தபோது மேளம் அடித்துத்தான் ஆள் சேர்த்தார்கள். மறு ஆண்டே அடிமைகள் மேளம் வைத்திருக்கத் தடை வந்தது. மேளம் போன இடத்தில் கைதட்டலும் காலடியும் தரையைத் தட்டும் கம்பும் வந்தன. மண்வெட்டியும் கோடரியும்கூடத் தாளக் கருவிகளாயின. அந்தத் தென்மாநிலங்களின் மண்ணிலிருந்துதான், அடிமைமுறை ஒழிந்தும் பருத்தித் தோட்டத்துக் கடன் ஒழியாத காலத்தில், புளூஸ் என்று உலகம் அறிந்த பாட்டு முளைத்தது.

1903 வாக்கில் மிசிசிப்பி மாநிலத்தின் டட்வைலர் என்ற ரயில் நிலையத்தில் டபிள்யூ. சி. ஹேண்டி என்ற வாத்தியக் கலைஞர் ரயிலுக்காகக் காத்திருந்து கண்ணயர்ந்துவிட்டார். கிழிந்த உடுப்போடு ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து, கிட்டார் தந்திகளின் மேல் கத்தியை அழுத்தி இழுத்துப் பாடிக்கொண்டிருந்தார். ஒரே அடியை மூன்று முறை பாடினார். ஒவ்வொரு முறையும் கிட்டார் அதற்குப் பதில் சொன்னது. தான் கேட்டவற்றிலேயே விசித்திரமான இசை அதுதான் என்று ஹேண்டி பின்னாளில் தன் வாழ்க்கை வரலாற்றில் எழுதினார்.

அந்தப் பாட்டின் கட்டமைப்பைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால், நூறு வருடம் கழித்தும் அது ஏன் பழசாகவில்லை என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கிறது. பின்னாளில் நிலைபெற்ற வடிவில் புளூஸ் பாட்டு பன்னிரண்டு தாளச் சுற்று. நான்கு நான்காக மூன்று அடி. முதல் அடியைப் பாடுகிறவர் இரண்டாவதாக அதையே திரும்பப் பாடுகிறார். மூன்றாவது அடி பதில். திரும்பப் பாடும் அந்த நேரத்தில் பாடகருக்கு மூன்றாவது அடியைக் கட்டிக்கொள்ள மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அதோடு ஒவ்வொரு அடியிலும் குரல் ஏறத்தாழப் பாதியை மட்டும் நிரப்புகிறது. மீதிப் பாதி காலியாகக் கிடக்கும். கிட்டார் அதில் நுழையும். கிட்டார் இல்லாவிட்டால் கேட்பவர் ஒரு சத்தம் கொடுப்பார். பாட்டின் பாதி வெற்றிடம். யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம் என்று கதவைத் திறந்து வைத்த வீடு அது.

இலங்கைத் தோட்டங்களின் மலையகத்துப் பாட்டிலும் இந்த வெற்றிடம் இருக்கிறது. கும்மியில் ஒருத்தி எடுத்துக் கொடுக்க, வட்டத்தில் உள்ளவர்கள் வாங்கிப் பாடுவார்கள். கூத்தில் பின்பாட்டுக்காரர் இல்லாமல், கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் ஓர் அடிகூட முடிந்ததாக ஆகாது. ஒப்பாரியில் ஒருத்தி முடிக்கும் இழுப்பின் வாலைப் பிடித்து அடுத்தவள் எழுவாள். வேலை வாங்கும் கங்காணியைப் பற்றியோ கணக்கப்பிள்ளையைப் பற்றியோ பாடும் பாட்டில் பெயருக்கு ஓர் இடம் விட்டிருக்கும். அந்தந்தத் தோட்டத்தார் தங்கள் ஆளை அதில் உட்காரவைத்துக்கொள்வார்கள். மலையின் பெயரையும் அப்படித்தான்.

எழுதப் படிக்க வாய்ப்பில்லாதவர்கள் இரவு முழுக்கப் பொன்னர் சங்கர் கதையை எப்படிச் சுமந்தார்கள் என்ற கேள்விக்கும் விடை இதன் பக்கத்திலேயே இருக்கிறது. 1930களில் மில்மன் பாரி என்ற அமெரிக்க அறிஞர் யூகோஸ்லாவியா போய், ஆயிரக்கணக்கான அடிகள் பாடும் கதைப் பாடகர்களைப் பதிவு செய்தார். பாரி இளம் வயதிலேயே இறந்துவிட, அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் அந்த ஆய்வைப் புத்தகமாக்கினார். பாடகர்கள் பாட்டை வரிக்கு வரி மனப்பாடம் செய்வதில்லை என்பது அவர்கள் கண்டது. தாளத்துக்கு அளவெடுத்த சொற்றொடர்கள் அவர்கள் கையில் நூற்றுக்கணக்கில் உண்டு, கதையின் போக்கு தெரியும், பாடும்போதே கட்டுகிறார்கள். நம் பாட்டில் எதுகையும் மோனையும் இதற்குக் காவல் நிற்கின்றன. ஒரு சொல் மறந்துபோனாலும், அடுத்த அடியின் எதுகை அந்த இடத்தில் என்ன ஓசை வர வேண்டும் என்று காட்டிக் கொடுத்துவிடும். மறதியைத் தாங்கும்படி கட்டப்பட்ட பாட்டு என்பதால், தோட்ட வேலைக்காகத் தமிழகத்திலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டில் நடந்து வந்தவர்களோடு அதுவும் பிழைத்து வந்தது.

குரலுக்கு வருவோம். ஒப்பாரியை ஹார்மோனியத்தில் வாசிக்க முயன்றவர்களுக்குத் தெரியும், அது கட்டைகளுக்கு இடையில் நழுவிவிடும். புளூஸிலும் அதே. மூன்றாவது சுரமும் ஏழாவது சுரமும் மேற்கத்தியக் கட்டைகளில் எதிலும் சரியாக உட்காராமல், இரண்டுக்கும் நடுவில் தள்ளாடும். டட்வைலர் மனிதர் தந்தியில் கத்தியை இழுத்தது இதற்காகத்தான்; கிட்டாரை மனிதக் குரல்போல வழுக்கச் செய்ய அது ஒரு வழி. 1988இல் மானுடவியலாளர் கிரெக் அர்பன், பிரேசில் பழங்குடிகளின் சாவுப் புலம்பல்களை ஆராய்ந்து, அழுகையின் அடையாளங்களாக நான்கைப் பிரித்துக் காட்டினார். குரல் சட்டென்று உடைவது, மூச்சை உள்ளிழுக்கும்போதே ஒலிப்பது, தொண்டை கரகரப்பது, உயிரெழுத்து மெல்லிய உச்சத்துக்குத் தாவுவது. ஒப்பாரி சொல்லும் கிழவியின் குரலில் இந்த நான்கும் உண்டு. மிசிசிப்பிப் பாடகர்களின் பழைய தட்டுகளிலும் இவை காதில் விழுகின்றன. விம்மலை அப்படியே விட்டுவிடாமல் தாளத்தில் வைத்துக் கட்டும் திறமை அது. அழுகிறவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கம்பு கிடைக்கிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்கு எப்போது சேர்ந்துகொள்வது என்று தெரிகிறது.

சேர்ந்துகொள்வதில் உடம்புக்கு என்ன கிடைக்கிறது? தாளத்தைச் சும்மா கேட்கும்போதே, கைகால் அசையாதபோதும், மூளையில் அசைவைத் திட்டமிடும் பகுதிகள் வேலை செய்வதை ஜெசிக்கா கிரானும் மாத்யூ பிரெட்டும் 2007இல் காட்டினார்கள். தப்புக்கு முன்னால் கால் தானாக ஆடுவதில் வியப்பில்லை; மூளை ஏற்கெனவே ஆடத் தொடங்கிவிட்டது. ஆக்ஸ்போர்டில் செய்த இன்னொரு சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. படகோட்டிகளைத் தனியாகவும், சேர்ந்து ஒரே அசைவிலும் துடுப்பு இயந்திரத்தில் உழைக்க வைத்து, பிறகு இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் இறுக்கி எவ்வளவு வலி தாங்குகிறார்கள் என்று பார்த்தார்கள். உழைப்பு ஒரே அளவு. ஆனாலும் சேர்ந்து உழைத்த நாளில் வலி தாங்கும் எல்லை உயர்ந்திருந்தது. உடம்பே சுரக்கும் வலிநீக்கிகளான எண்டோர்பின்கள் கூடியதன் அடையாளம் என்று அதை விளக்கினார்கள். 12 பேரை மட்டும் வைத்துச் செய்த சிறிய சோதனைதான். ஆனால் இரவெல்லாம் ஆடிவிட்டு விடியலில் மலைக்குப் போகும் ஒருவரிடம் இந்த முடிவைச் சொன்னால் அவர் ஆச்சரியப்படமாட்டார்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லியாக வேண்டும். மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப்பண்ணையில் ஆலன் லோமாக்ஸ் 1947இல் பதிவு செய்த மரம் வெட்டும் பாட்டுகளில் கோடரிகள் ஒரே கணத்தில் விழுகின்றன. தாளம் தப்பினால் பக்கத்து ஆளின் கை போகும். பாட்டு அங்கே பாதுகாப்புக் கருவி. கொழுந்து எடுப்பது அப்படியல்ல. ஒவ்வொருத்தியின் நிரையும், அதாவது தேயிலைச் செடி வரிசையும், வேறு, விரலின் வேகமும் வேறு. இரண்டிலையும் ஒரு மொட்டும் கிள்ளுவதற்குப் பொதுத் தாளம் தேவையில்லை. கூடையைக் கொழுந்தால் நிறைக்கத் தாளத்தைவிடத் துணைதான் வேண்டும். அதனால் மலையகப் பெண்களின் பாட்டு மரவெட்டிப் பாட்டைப் போல இறுகிய தாளத்தில் நடப்பதில்லை. இழுத்துப் போகும், பேச்சுக்கு அருகில் இருக்கும், ஒரு நிரையிலிருந்து அடுத்த நிரைக்கு எறிவதற்கு ஏற்றதாக இருக்கும். மலையகத்தில் இறுகிய தாளம் பொட்டலுக்குச் சொந்தம்.

தாலாட்டு இதில் தனிக் கதை. ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2020இல் அமெரிக்கக் கைக்குழந்தைகளுக்கு, அவர்கள் கேட்டே இராத மொழிகளின் தாலாட்டுகளையும் மற்றப் பாட்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். தாலாட்டின்போது குழந்தைகளின் இதயத் துடிப்பு கூடுதலாகத் தணிந்தது. சொல் புரியாத குழந்தைக்குப் பாட்டின் வடிவமே போதும். லயத்துத் தாய் தன் தாலாட்டில் கங்காணியின் கொடுமையையும் கிடைக்காத சம்பளத்தையும் வைத்துப் பாட முடிந்தது இதனால்தான்: குழந்தைக்கு ராகம் போனது, அடுத்த காம்பராவில் இருப்பவளுக்குச் சொல் போனது.

பாட்டை நேரடியாகப் போராட்டத்துக்குக் கொண்டுபோன பெண்ணும் இந்த மலையில் இருந்தார். 1931இல் ஹட்டனைத் தளமாகக்கொண்டு தோட்டத் தொழிலாளருக்கு முதல் தொழிற்சங்கத்தைக் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி மீனாட்சியம்மையார். தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் தானே எழுதிய பாட்டுகளைப் பாடினார். 1940இல் அவை 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்ற சிறு நூலாக வந்தன. பேச்சைத் தடை செய்யலாம். பாட்டு கூட்டம் கலைந்த பிறகும் லயத்துக்குக் கூடவே நடந்து போகும்.

அமெரிக்காவில் பாட்டைத் தேடிப் பதிவுக் கருவிகள் போயின. 1941இல் லோமாக்ஸும் ஜான் வொர்க்கும் ஸ்டோவல் பருத்தித் தோட்டத்தில் ஒரு தொழிலாளியின் பாட்டைத் தட்டில் பதிந்தார்கள். இரண்டே வருடத்தில் அவர் சிக்காகோ போனார். மின்சாரக் கிட்டாரை எடுத்தார். மடி வாட்டர்ஸ் என்ற அவர் பெயர் உலகம் சுற்றியது. இன்னொரு கதை இதைவிட அதிசயம். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் சில தட்டுகள் பாடிவிட்டு ஊர் திரும்பி, முப்பத்தைந்து வருடம் நிலத்தில் உழைத்தார். வெளியுலகம் அவரை மறந்தது. அவருடைய பழைய பாட்டு ஒன்றில் அவலான் என்ற ஊர்ப்பெயர் வந்தது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு 1963இல் இளைஞர் ஒருவர் தேடிப் போனார். ஹர்ட் அங்கேயே இருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் இசை விழா மேடையில் ஆயிரக்கணக்கானோர் முன் பாடினார்.

மலையகத்துக்கு அப்படி ஒரு பதிவுக் கருவி காலத்தில் வரவில்லை. வந்தவர் பேனாவோடு வந்தார். வேலுப்பிள்ளை தோட்டம் தோட்டமாகக் கேட்டுச் சேர்த்தவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்று நூலாயின. அவருக்குப் பின் சாரல்நாடனும் மாத்தளை வடிவேலனும் வாய்மொழி இலக்கியத்தையும் கூத்தையும் பற்றி எழுதினார்கள். இவர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. ஆனால் பாடியவர்களே பிரிந்துபோனார்கள். 1964இல் இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இந்திய வம்சாவளியினரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவு செய்தது. பாட்டை எடுத்துக் கொடுத்தவர் ராமேஸ்வரம் போக, பின்பாட்டுக்காரர் பூண்டுலோயாவில் நின்றார். ஒரே பாட்டின் பாதி நீலகிரியிலும் பாதி நுவரெலியாவிலும் கிடக்கும்படி ஆனது.

தோட்டங்களில் தப்பின் ஒலியும் குறைந்தது; இந்தப் பிரிவைத் தவிர அதற்கு இன்னொரு காரணம் சாதி. கடலைக் கடந்தபோது சாதியும் கூடவே வந்தது. தப்பு அடித்தவர்களை அந்த வேலையைச் சொல்லியே இழிவுபடுத்தினார்கள். படித்து வெளியே போன பிள்ளைகள் குச்சியைத் தொட மறுத்ததை யாராலும் குறை சொல்ல முடியாது. இன்று மலையக இளைஞர்கள், பெண்களும் சேர்ந்து, அதே தப்பைத் தங்கள் விருப்பத்தோடு கையில் எடுக்கிறார்கள். 2023இல், முதல் தொழிலாளர் வந்து 200 ஆண்டு நிறைவை நினைத்து, ஜூலை இறுதியில் தலைமன்னாரில் தொடங்கிய நடைபயணம் ஆகஸ்டில் மாத்தளையை அடைந்தது. மூதாதையர் செத்து விழுந்த அதே பாதை. பாட்டுகள் பேசிய வழி அது என்பதை நடந்தவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனிப் பதிவு செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சில் நம்மிடம் இருப்பவை சொற்கள். அடி இல்லை, பின்பாட்டு எங்கே நுழைகிறது என்ற குறிப்பு இல்லை. இன்று ஒவ்வொருவர் பையிலும் ஒரு கைபேசி இருக்கிறது. பாடும் கிழவியை மட்டும் நாற்காலியில் உட்காரவைத்துப் பதியாதீர்கள். வாங்கிப் பாட இன்னும் இரண்டு பேரை அழைத்து வாருங்கள். தப்பைப் பதியும்போது பக்கத்தில் ஒரு கருவி, எதிர்மலையில் ஒரு கருவி வையுங்கள். எந்தச் சடங்குக்கு எந்த அடி என்று அடிப்பவரையே சொல்ல வையுங்கள். பாட்டில் வரும் தோட்டத்தின் பெயரையும் மலையின் பெயரையும் 'திருத்தாமல்' விடுங்கள். தீ காயும் சத்தம் பதிவில் விழுந்தால் அதை வெட்டாதீர்கள்.